வெள்ளரிக்கு வந்த மஞ்சள் காமாலை

"மேடம், இது கூட்டுக் கொலை," என்றான் கொசுறு, பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி. "மொத்தம் நானூறு பேர் இருப்பாங்க. எல்லாரும் ஒரே நிறத்துல போயிருக்காங்க."

பெட்டிகளில் கிடந்தவை வெள்ளரிக்காய்கள். பத்து நாள் முன்பு பச்சைப் பசேலென்று இந்த இரண்டாம் நம்பர் குளிரறைக்குள் வந்தவை. இப்போது பழைய செய்தித்தாளின் நிறத்தில் சோர்ந்து கிடந்தன.

சந்தேகம் ஒரு காயை எடுத்து அழுத்திப் பார்த்தாள். அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம், எரிந்த கடைகளுக்கும் கவிழ்ந்த லாரிகளுக்கும் போய் ஆயிரம் கேள்வி கேட்டவள் என்பதால் அங்கே ஒட்டிக்கொண்ட பெயர் இது. வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்த பிறகும் பெயர் அவளை விடவில்லை. "சந்தேகம் வந்திருக்கு" என்று ஒரு அலுவலக வாசலில் யாராவது சொன்னால், உள்ளே இருப்பவர்கள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள்.

கொசுறு அவளுடைய உதவியாளன். முப்பத்தைந்து வயது. காய் வாங்கினால் மேலே போட்டுத் தரும் கொசுறு போல, அவளை அமர்த்துகிறவர்களுக்கு இவனும் சேர்ந்தே கிடைப்பான். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

"மூணாவது தடவை மேடம்," என்றார் முதலாளி. ஐம்பத்தெட்டு வயது, ஆறடி இரண்டங்குலம். அந்த உயரத்தில் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்துவது அவருக்குச் சிரமமாக இருந்தது. "ஒரு மாசத்துல மூணு லோடு. இன்னொரு தடவை மஞ்சளாப் போச்சுன்னா ஒப்பந்தம் ரத்துன்னு சூப்பர் மார்க்கெட்காரங்க கடிதமே குடுத்துட்டாங்க. அப்பா தள்ளுவண்டியில ஆரம்பிச்ச கம்பெனி இது."

அது எல்லாருக்கும் தெரியும். கம்பெனியின் பதினான்கு வேன்களிலும் அந்தத் தள்ளுவண்டியின் படம் இருந்தது. பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கும் ஒரு வெள்ளரிக்காய். கீழே கொட்டை எழுத்தில், 'மூன்று தலைமுறை. ஒரே குடும்பம். ஒரே மனசு.' விதைப்பது, பறிப்பது, பெட்டியில் அடுக்குவது, கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பதினோரு பசுமைக்குடில்களும் அறுபது தொழிலாளர்களும் அந்த ஒரே மனசை நம்பிப் பிழைத்தார்கள்.

"யார் மேல சந்தேகம்?" என்றாள் சந்தேகம்.

"ஐஸ் மேலதான். இந்தக் குளிரறையைப் பார்த்துக்கற பொம்பளை. பத்தொன்பது வருஷமா இங்க இருக்காங்க. சாவி அவங்க கையிலதான் இருந்துது. கதவைத் திறந்து போட்டு வேணும்னே காயைக் கெடுத்திருக்காங்க. போன வாரம் வேலையிலேருந்து நிறுத்தி வச்சிட்டோம். போலீஸ் புகாரும் எழுதி ரெடியா இருக்கு. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் குடுக்கணும். நீங்க ஒரு அறிக்கை எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"எதுக்காகக் கெடுக்கணும்?"

"பொறாமை மேடம்."

"வெள்ளரிக்கா மேலயா?" என்றான் கொசுறு.

சந்தேகம் சுவரில் இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். பதினோரு டிகிரி. பக்கத்தில் தொங்கிய தாளில் ஒரு மாதமாக ஒவ்வொரு மணிக்கும் பதினொன்று, பதினொன்று என்று எழுதியிருந்தது. கதவு திறந்து கிடந்திருந்தால் இந்த எண் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

கதவுக்கு வெளியே ஒரு பழைய தகரப் பலகை. 'பழம் உள்ளே வரக் கூடாது. மீறினால் வேலை போகும்.' அடியில் நிறுவனரின் கையெழுத்து. கதவுக்கு உட்புறம் பிளாஸ்டிக் பட்டைத் திரை. அந்தப் பட்டைகளில் ஒன்றில், விரல் நகம் அளவில் எதுவோ ஒட்டியிருந்தது.

"சாவி இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அதைக் கிள்ளி எடுத்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட. ஒரே ஒரு சாவிதான். அவங்ககிட்டேருந்து வாங்கிட்டேன்."

"குடுங்க. அஞ்சு மணி வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்."

முதலாளி யோசிக்காமல் கொடுத்தார். யோசிக்காமல் கொடுத்தது சந்தேகத்துக்குப் பிடிக்கவில்லை.

அலுவலகத்தில் மற்ற இரண்டு தலைமுறையும் ஆளுக்கொரு நாற்காலியில் இருந்தன. பெரியவருக்கு எண்பத்து நான்கு. பத்து வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார் என்று விழா எடுத்து அறிவித்திருந்தார்கள். அதற்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. முதலாளியின் மகளுக்கு இருபத்தாறு. வெளிநாட்டில் விளம்பரம் பற்றிப் படித்துவிட்டு வந்தவள். வேன் மீது சிரிக்கும் வெள்ளரியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"வெள்ளரி ஏன் மஞ்சளாச்சு?" என்று இருவரிடமும் பொதுவாகக் கேட்டாள் சந்தேகம்.

"தண்ணி சரியில்ல," என்றார் பெரியவர் கைத்தடியைத் தட்டி. "என் காலத்துல தண்ணியே வேற."

"சென்சார் பிரச்சினை," என்றாள் பேத்தி போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "டேட்டா எல்லாம் தப்புத் தப்பா வருது. ஐஸ் அக்காவுக்கு அதெல்லாம் புரியாது."

வெளியே வந்ததும் கொசுறு சொன்னான். "அப்பா கதவுங்கறார், தாத்தா தண்ணிங்கறார், பொண்ணு சென்சார்ங்கறா. ஒரே மனசு மேடம்."

ஐஸக்காவின் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரே அறை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்ற, ஜன்னல்கள் திறந்திருக்க, அவள் தரையில் உட்கார்ந்து பழைய கம்பளிச் சட்டையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். நின்றதும் பெரிய வித்தியாசம் இல்லை. நாலரை அடி இருந்தால் அதிகம்.

"உக்காருங்க. இங்க வேக்காடா இருக்கும். எனக்குப் பழகமாட்டேங்குது," என்றாள்.

"கதவைத் திறந்து போட்டீங்களா?"

"பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல."

"அப்ப வெள்ளரி எப்படி மஞ்சளாச்சு?"

ஐஸக்கா ஊசியில் நூலைக் கோத்தாள். ஒரு தடவையிலேயே கோத்துவிட்டாள். ஆனால் கோத்த பிறகும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"சாயங்காலம் போலீஸ் வரும்."

"வரட்டும்."

"அக்கா, இது பிடிவாதம் பிடிக்கற நேரமா?" என்றான் கொசுறு. அவன் குரலில் கிண்டல் இல்லாததைக் கவனித்துச் சந்தேகம் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாக்குக் குடுத்துட்டேன் தம்பி. சொல்ல மாட்டேன்னு."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான்."

"அவங்கன்னா?"

"அதைச் சொன்னா அப்புறம் அது என்ன வாக்கு?" என்றாள் ஐஸக்கா. பிறகு மெதுவாக, "அவங்க எனக்காகப் பேசுவாங்கன்னு ஒரு வாரமா பார்க்கறேன். வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எழுந்து போய்ப் பார்க்கறேன். இன்னிக்கு நீங்கதான் வந்தீங்க," என்றாள்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. தேநீர் மட்டும் வந்தது.

தெருவில் இறங்கியதும் சந்தேகம் நோட்டைத் திறந்து காட்டினாள். உள்ளே இருந்தது ஒரு சின்ன ஸ்டிக்கர். சிவப்புக் கிளி படம் போட்டது.

"ஆப்பிள் மேல ஒட்டற ஸ்டிக்கர். பிளாஸ்டிக் திரையில இருந்துது. எவ்வளவு உயரத்துல தெரியுமா? உன் தலைக்கு மேல."

"அந்த அக்கா அதை அங்க ஒட்டணும்னா என் தோள்மேல ஏறி நிக்கணும்."

"பெட்டியைத் தோள்ல தூக்கிட்டுப் போனவர் யாரோ, பட்டையில உரசி விட்டுட்டுப் போயிருக்கார். வா, கிளி எந்தக் கூட்டுலேருந்து வந்ததுன்னு பார்ப்போம்."

மூன்று பழக்கடைகளில் சிவப்புக் கிளி இல்லை. நான்காவது, மருத்துவமனைக்கு எதிரே இருந்த கடை. நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்ன விலை சொன்னாலும் வாங்குவார்கள் என்று நம்பி நடத்தப்படும் கடை. முன்வரிசையில் சிவப்புக் கிளிகள் பளபளத்தன.

"புது வரத்து," என்றார் கடைக்காரர். "மூணு வாரமாத்தான் வருது. செவ்வாயும் வெள்ளியும்."

"யார் கொண்டு வர்றாங்க?"

"அதை எதுக்குக் கேக்கறீங்க?"

"எங்க மேடம் ஆஸ்பத்திரியில ஒருத்தரைப் பார்க்கப் போறாங்க," என்றான் கொசுறு. "பழம் எங்கேருந்து வந்ததுன்னு தெரியாம சாப்பிடமாட்டார். அவ்வளவு மோசமான நிலைமை."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஒரு வேன் வருங்க. அதுல ஒரு வெள்ளரிக்கா ஈன்னு பல்லைக் காட்டிட்டு இருக்கும். காய்க்காரங்க வண்டியில பழம் வருதேன்னு நானும் கேட்டேன். டிரைவர் வாயைத் திறக்கல."

சந்தேகம் கடையின் மூலையைக் காட்டினாள். ஒரு கூடையைக் கோணியால் மூடி வைத்திருந்தார். "அதுல என்ன?"

"வாழைக்காய். நடுவுல ஒரு ஆப்பிள் போட்டு மூடியிருக்கேன். பழுத்த பழம் ஒரு காத்து விடுமில்ல? அதுல ரெண்டு நாள் இருந்தா பச்சையா இருக்கற எதுவும் மஞ்சளாயிடும். காய் விக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே."

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்," என்று திருப்பிச் சொன்னாள் சந்தேகம்.

நடக்கும்போது கொசுறுவால் பொறுக்க முடியவில்லை. "முதலாளிதானே மேடம்? உயரம் சரியா இருக்கு, வேன் அவரோடது."

"உயரத்தை விடு. மூணு தலைமுறையா காய் வளர்க்கற குடும்பத்து மனுஷன், மஞ்சளான வெள்ளரியைப் பார்த்தா முதல்ல என்ன சொல்லணும்? 'எவன்டா உள்ள பழம் வச்சது'ன்னு கத்தணும். வாசல்லயே போர்டு தொங்குது. இவர் கதவைப் பத்திப் பேசறார். பழம்ங்கற வார்த்தையையே வாயில எடுக்கல."

"ஆனா நமக்கு சம்பளம் குடுக்கறவரே அவர்தான்."

"அதனாலதான் அவர் உள்ள வந்து நிக்கறதைக் கண்ணால பார்க்கணும்."

மூன்று மணிக்கு அலுவலக வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சந்தேகம் சொன்னாள். "நாலு மணிக்கு சூப்பர் மார்க்கெட் ஆய்வாளர் வர்றார். ரெண்டாம் நம்பர் குளிரறையில ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்ப்பாராம். அதுவரைக்கும் யாரும் உள்ள போக முடியாது. இருக்கற ஒரே சாவி என்கிட்டதான் இருக்கு. நாங்க சாப்பிட்டு வந்துடறோம்."

முன்வாசல் வழியாகப் போய், பேக்கிங் ஷெட்டைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து, குளிரறைக்குள் நுழைந்து உள்ளிருந்தே பூட்டிக்கொண்டார்கள். காலிப் பெட்டிகளின் அடுக்குக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார இடம் இருந்தது. கதவுக்கு மேல் ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிந்தது.

"பதினோரு டிகிரி மேடம்," என்று கொசுறு பல்லைக் கடித்தான். "எனக்கு மட்டும் மஞ்சளா ஆகாம நீலமா ஆகுது."

"பேசாதே."

ஏழாவது நிமிடத்தில் பூட்டில் சாவி திரும்பியது. இருக்கிற ஒரே சாவி சந்தேகத்தின் கையில் பத்திரமாக இருந்தது.

கதவு திறந்தது. வந்தது ஆறடி இரண்டங்குலம் இல்லை. காதில் ஒயர் மாட்டிய பேத்தி. நேராக வலது மூலைக்குப் போய், 'சென்சார். தொடாதே' என்று எழுதிய அட்டைப்பெட்டியை இழுத்துத் திறந்தாள். உள்ளே அவகாடோக்கள், ஒவ்வொன்றும் மெல்லிய காகிதம் சுற்றி, தொட்டில் குழந்தைகள் போல. பெட்டியைத் தூக்கப் போகும்போது மறுபடியும் பூட்டில் சத்தம். அவள் அலறாமல் வாயைப் பொத்திக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் ஒண்டினாள்.

இந்தத் தடவை முதலில் ஒரு கைத்தடி வந்தது. பின்னால் பெரியவர். ஓய்வு பெற்றவருக்கு இருக்க வேண்டியதைவிட வேகமாக இடது மூலைக்குப் போனார். தரையோடு கிடந்த கோணிப் பையை விலக்கினார். வரிசையாக முலாம்பழங்கள். அந்த வாசனை தார்ப்பாய் வரைக்கும் வந்தது. ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றவற்றை என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது தடவை பூட்டு திரும்பியது. எண்பத்து நான்கு வயதில் ஓடி ஒளிய இடம் தேட நேரமில்லை. கோணிப் பையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூலையில் அசையாமல் நின்றார்.

முதலாளி வந்தார். "நாலு பெட்டிதான், நாலு பெட்டிதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடு அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டியை உருவித் தோளில் ஏற்றினார். திரும்பினார். ஒரு அடி பின்னால் வைத்தார்.

"டேய், காலை மிதிக்காதே!" என்றது கோணிப் பை.

முதலாளியின் தோளிலிருந்து பெட்டி சரிந்தது. ஆப்பிள்கள் நாலாபக்கமும் உருண்டன. ஒன்று அலமாரிக்குப் பின்னால் போய், அங்கே இருந்த காலில் இடிக்க, அங்கிருந்து ஒரு வீறிடல் எழுந்தது. அதே சமயம், ஏழு நிமிடமாக அடக்கி வைத்திருந்த தும்மலைக் கொசுறு மொத்தமாக விட்டான்.

சந்தேகம் எழுந்து போய்ப் பெரிய விளக்கைப் போட்டாள்.

முதலில் சுதாரித்தவர் பெரியவர். அனுபவம். கோணியை உதறிவிட்டு, ஒரு கையில் முலாம்பழத்தோடு மறு கையால் கதவுப் பக்கம் கைத்தடியை நீட்டினார்.

"பழம் உள்ள வரக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்கேன்ல? யார்ரா இங்க ஆப்பிள் வச்சது?"

"தாத்தா, உங்க கையில இருக்கறது என்ன?" என்றாள் பேத்தி.

"இது பழம் இல்ல. முலாம்."

"முலாம்பழம் தாத்தா. பேர்லயே பழம் இருக்கு. என்னோடது வெறும் அவகாடோ."

"ஆப்பிள்லயும் பழம்னு பேர் இல்லை," என்றார் முதலாளி, பரிதாபமாக.

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றான் கொசுறு. "ஒரே ஒரு சாவின்னு சொன்னீங்களே. அது குட்டி போட்டுதா?"

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதலாளிக்குச் சொந்தமாக ஒரு வியாபாரம் செய்து பார்க்க ஆசை. நாம் காய்க்காரர்கள், பழத்தைத் தொடக் கூடாது என்று அப்பா நாற்பது வருடமாகச் சொல்லி வந்ததால், ஐம்பத்தெட்டு வயதில் ஒளித்து வைத்து ஆப்பிள் விற்றார். மகள் பல் காட்டாத ஒரு பெயரில் இணையத்தில் அவகாடோ விற்றாள். பெரியவர் பதினோராவது பசுமைக்குடிலின் பின்மூலையில் தானே முலாம் வளர்த்து, தன் பழைய வாடிக்கையாளர்களுக்குச் சத்தமில்லாமல் கொடுத்து அனுப்பினார்.

"என்னை யாரும் எதுவும் கேக்கறதில்ல இப்பல்லாம்," என்றார் அவர். "அந்த நாலு பேராவது 'பழம் எப்ப வரும்'னு கேக்கறாங்க."

"பழம் உள்ள இருந்தா என்ன ஆகும்னு மூணு பேருக்கும் தெரியும்," என்றாள் சந்தேகம்.

"என்னோட ஒரு பெட்டியால என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன்," என்றாள் பேத்தி.

"நானும்," என்றார் முதலாளி.

பெரியவர் முலாமைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களை நான் எதிர்பார்த்தேன்," என்று முதலாளியிடம் திரும்பினாள் சந்தேகம். "மத்த ரெண்டும் கொசுறு."

"மேடம், இதுல என் பேரை இழுக்காதீங்க."

"தப்பு என்னோடதுதான். இவரு தண்ணின்னு சொன்னப்ப வயசுன்னு விட்டுட்டேன். இந்தப் பொண்ணு சென்சார்னு சொன்னப்ப படிப்புன்னு விட்டுட்டேன். ஐஸக்கா 'அவங்களுக்கு வாக்குக் குடுத்தேன்'னு சொன்னாங்க. 'அவங்க'ன்னா முதலாளிக்குக் குடுக்கற மரியாதைன்னு நினைச்சேன். அது மரியாதை இல்ல. எண்ணிக்கை."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உன்கிட்டயும் சொன்னாங்களா, சொல்ல மாட்டேன்னு?" என்றார் முதலாளி மகளிடம்.

"ஆமாப்பா. உங்ககிட்டயும், தாத்தாகிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

"என்கிட்டயும் அப்படித்தான் சொன்னா," என்றார் பெரியவர் தரையைப் பார்த்து.

"மூணு பேரும் தனித்தனியா வந்து அவங்ககிட்ட வாக்கு வாங்கியிருக்கீங்க," என்றாள் சந்தேகம். "மூணு பேரோட ரகசியத்தையும் ஒரு ஆள் காப்பாத்தியிருக்காங்க. காய் கெட்டதும், எங்க வாயைத் திறந்துடுவாங்களோன்னு பயந்து, மூணு பேரும் சேர்ந்து அவங்களைத் திருடி மாதிரி வெளிய அனுப்பியிருக்கீங்க. இடைநீக்கக் கடிதத்தை யார் எழுதினது?"

"நான் டைப் பண்ணேன்," என்றாள் பேத்தி. இப்போது காதில் ஒயர் இல்லை.

"கையெழுத்து?"

"என்னோடது," என்றார் முதலாளி.

பெரியவரை யாரும் கேட்கவில்லை. "நான் தலையாட்டினேன்," என்று அவரே சொன்னார்.

வேன் அனுப்பினார்கள். வேன் திரும்பி வந்தது, காலியாக. பத்து நிமிடம் கழித்து ஐஸக்கா நடந்து வந்தாள், தைத்து முடித்த கம்பளிச் சட்டையைக் கையில் மடித்துப் போட்டபடி.

முதலாளி அவளை அலுவலகத்துக்குள் கூப்பிட்டார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அவள் வாசலைத் தாண்டவில்லை.

"என்மேல பழி போட்டது பேக்கிங் ஷெட்ல வச்சு. அறுபது பேர் முன்னாடி. அங்கயே பேசுவோம்."

வேலை நின்றது. பெல்ட்டில் ஓடிக்கொண்டிருந்த கத்திரிக்காய்கள் நின்றன. காய் தரம் பிரிக்கும் பெண்கள் கையுறையைக் கழற்றாமல் திரும்பி நின்றார்கள். முதலாளி தொண்டையைச் சரிசெய்தார்.

"அது வந்து... ஏதாவது தவறு நடந்திருந்தா, அதனால யார் மனசாவது புண்பட்டிருந்தா..."

"நடந்திருந்தா இல்ல முதலாளி," என்றாள் ஐஸக்கா. "நடந்துச்சு."

"நடந்துச்சு," என்றார் முதலாளி.

"கேக்கலை!" என்று பின்வரிசையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். குரல் கொசுறுவுடையது போலவும் இருந்தது.

"நடந்துச்சு! நாங்கதான் உள்ள பழம் வச்சோம். ஐஸ் மேல ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சிடுங்க!"

ஆறடி இரண்டங்குலத்திலிருந்து வந்ததால் இந்தத் தடவை கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பேத்தி அழுதுகொண்டே சொன்னாள். பெரியவர் கடைசியாக, வாய்க்குள்ளேயே சொன்னார். அறுபது வருடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. ஐஸக்கா இன்னொரு தடவை சொல்லச் சொல்லவில்லை. கேட்கும்வரை காத்திருந்தாள். அவரே மறுபடி சொன்னார்.

பிறகு அவள் கையை நீட்டினாள். "சாவி."

முதலாளி ஒன்று கொடுத்தார். பேத்தி ஒன்று கொடுத்தாள். சந்தேகம் தன்னிடமிருந்ததைக் கொடுத்தாள். பெரியவர் ஒன்று கொடுத்தார். ஐஸக்காவின் கை நீட்டியபடியே இருந்தது. அவர் செருப்பைக் கழற்றி அதற்குள்ளிருந்து இன்னொன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

புகார்க் கடிதத்தைச் சந்தேகம் முதலாளியின் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தாள். "என் அறிக்கை நாளைக்கு வரும். மூணு பக்கம். ஆளுக்கொரு பக்கம்."

"நாளைக்குப் போற லோடு மூணாம் ரூம்லேருந்து போகட்டும்," என்று ஐஸக்கா கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அங்க காய் நல்லா இருக்கும். ரெண்டாம் ரூமைக் காலி பண்ணிக் கழுவணும். பழத்தையும் எடுக்கணும், கெட்ட வெள்ளரியையும் எடுக்கணும். பின்னாடி குழி வரைக்கும் தூக்கிட்டுப் போகணும்."

இரண்டு தொழிலாளர்கள் முன்னால் நகர்ந்தார்கள்.

"நீங்க இருங்கப்பா," என்றாள். "வச்சவங்க எடுக்கட்டும்."

"நானுமா?" என்றார் பெரியவர். "எண்பத்து நாலு வயசு எனக்கு."

"மொத மொத கெட்டது எந்த லோடுன்னு எனக்குத் தெரியும் பெரியய்யா. அப்ப ஆப்பிளும் வரல, பாப்பாவோட பெட்டியும் வரல."

பெரியவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்தார்.

முதல் பெட்டியை மூன்று பேருமாகத் தூக்கினார்கள். முதலாளியின் பக்கம் உயர்ந்து, பெரியவர் பக்கம் தாழ்ந்து, மஞ்சள் வெள்ளரிகள் எல்லாம் அவர் மேலேயே சரிந்தன. "கீழ இறக்குடா!" என்றார் அவர். "நீங்க மேல தூக்குங்கப்பா!" என்றார் முதலாளி. "ரெண்டு பேரும் ஒரே பக்கமா நடங்களேன்!" என்று நடுவில் மாட்டிக்கொண்ட பேத்தி கத்தினாள். ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, அறுபது பேருக்கு நடுவே அந்தப் பெட்டி ஆடி ஆடிப் போனது.

எல்லாரும் வழி விட்டார்கள். ஒருவரும் கை கொடுக்கவில்லை.